ஆலை நின்றபின் நிலம்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெடும்போது அவையே பாலையாகும் என்று காட்டினார் இளங்கோவடிகள். எனவே பாலை என்பது தனியொரு மண்ணன்று. நல்ல நிலம் அடைந்த கேடான நிலையாகும். இக்காலத்தில் கதிரவனின் வெம்மை மட்டுமன்றி, ஆலைக் கழிவும் நிலத்தைப் பாலையாக்குகின்றது. அந்நிலத்தை மீட்கும் முதற்படி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்வேலி மக்களுக்கு இது புறவினா அன்று. சோவியத் நாட்டின் துணையுடன் 1962இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம், 600 மெகாவாட் திறனுடையதாய் வளர்ந்து, 2020இல் நிறுத்தப்பட்டது. அத்தகைய இடத்தில் இனிப் பள்ளி எழலாமா, குடியிருப்பு எழலாமா என்று கேட்கும் முன், அம்மண்ணில் என்ன தங்கியுள்ளது என்று கேட்டல் வேண்டும். நிலக்கரி எரித்த இடங்களில் பொதுவாகச் சாம்பலின் கன உலோகங்களும், கசிந்த எண்ணெயும், கல்நாரும் தங்கக்கூடும். அளந்து பாராமல் உண்டு என்பதும் பிழை. இல்லை என்பதும் பிழை.

அளத்தல் மூன்று நிலைகளில் நடைபெறும். முதலாவது, இடத்தின் வரலாறு. பழைய வரைபடங்களோடு, எந்தத் தொட்டி எங்கே இருந்தது என்றறிந்த ஓய்வுபெற்ற தொழிலாளரின் நினைவும் இங்குச் சான்றாகும். இரண்டாவது, பல ஆழங்களில் மண்ணையும் கிணற்று நீரையும் எடுத்துச் சோதித்தல். மூன்றாவது, நஞ்சு எவ்வழியாக மனிதரை அடையும் என்று கணித்தல். கிடங்கு அமைக்கத் தகுதியான நிலம் குழந்தைகள் விளையாடத் தகாததாக இருக்கலாம்.

இதற்குப் பணம் தருபவர் யார்? நில உரிமையாளரோ, மாசு வெளிப்பட்டால் விலை குறையுமே என்று அஞ்சுவர். ஆகவே அமெரிக்கா 2002இல் இயற்றிய சட்டத்தின் வழி, தூய்மைப்படுத்தும் பணிக்கு முன்னரே, ஆய்வுக்கென்று உள்ளாட்சிகளுக்குத் தனி மானியம் வழங்குகின்றது.

நம் நாட்டிலும் ஒரு வழி பிறந்தது. 2010இல் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி ஆகியவற்றின்மீது டன்னுக்கு 50 ரூபாய்த் தூய ஆற்றல் தீர்வை விதிக்கப்பட்டது. 2016இல் அது 400 ரூபாயாயிற்று. அவ்வாறு அமைந்த தேசிய நிதியிலிருந்து, மாசுற்ற 12 இடங்களை ஆராய்ந்து திட்ட அறிக்கை அமைக்கும் பணிக்குத் துணை கிடைத்தது. அவற்றுள் ஒன்று இராணிப்பேட்டை. தோல் பதனிட உதவும் குரோமிய உப்புகளைச் செய்த ஆலை ஒன்று 1990களில் அங்கே மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவோ இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல். நெய்வேலியில் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியும் செலுத்திய தீர்வை, இராணிப்பேட்டை மண்ணை ஆராய உதவியது என்பது எண்ணத்தக்கது.

எனினும் 2010 முதல் 2018 வரை திரண்ட தீர்வை 86,000 கோடி ரூபாய்க்கு மேல். தேசிய நிதிக்கு மாற்றப்பட்டதோ 30,000 கோடிக்கும் குறைவு. 2017இல் அத்தீர்வை நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மாநிலங்களின் வரியிழப்பை ஈடுசெய்யும் தீர்வை வந்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்தும் இராணிப்பேட்டைக் கழிவுக் குவியல் அகலவில்லை. ஆய்வுக்குக் காட்டிய வழி, தூய்மை வரை நீளவில்லை.

2025இல் மத்திய அரசு மாசுற்ற இடங்களுக்கென்றே விதிகள் வெளியிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அவரைக் கண்டறிய இயலாவிடின் மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். சுரங்கப் பணியால் நேரும் மாசு, வேறு சட்டங்களுக்கு உரியதாகலின், இவ்விதிகளில் அடங்காது. நெய்வேலியார் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

மாணவச் செல்வங்களே! ஆலை இயங்கும் காலத்திலேயே, அது நின்றபின் நிலத்தை ஆராய்வதற்கான பொருளை ஒதுக்கிவைத்தல் வேண்டும். ஆலை நின்றபின் தேடினால், தருவோர் இருப்பதில்லை. கிணற்று நீர் அருந்துவோரே தம் உடல்நலத்தால் விலை கொடுப்பர். உங்கள் இல்லத்துப் பெரியோரிடம் பழைய ஆலையின் வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். நிலத்தை அளக்கும் நாளில் அவ்வேடே முதற்சான்றாகும்.