காலை மேசையில் உலகம்

காலையில் உம்மா தரும் பால் தேநீரையும் பாணையும் பருப்புக் கறியையும் சற்று உற்றுப் பாருங்கள். தேயிலை நமது மலையகத்தில் விளைந்தது. பால்மா பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்தும், மைசூர் பருப்பு கனடா, அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன. பாணுக்குரிய கோதுமையும் இறக்குமதியே.

தேவையான அனைத்தையும் எந்த நாடும் தானே விளைவிப்பதில்லை. தன்னிடம் மிகுந்ததைக் கொடுத்து, இல்லாததைப் பெறுகிறது. 1952இல் இலங்கைக்கு அரிசி போதவில்லை. இறப்பர் விலையோ வீழ்ந்திருந்தது. சீனாவுக்கு இறப்பர் தேவைப்பட்டது. கொரியப் போர்க்கால ஏற்றுமதித் தடையால் அது எளிதில் கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இரு நாடுகளும் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் அங்கே. 270,000 தொன் அரிசி இங்கே.

தங்கியிருத்தலில் ஆபத்தும் உண்டு. 2022இல் டொலர் கையிருப்பு வற்றியபோது எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. கொடுப்பதற்குப் போதியளவு இல்லாவிட்டால் பெறுவதற்கும் வழியில்லை.

செயற்பாடு: பெற்றோரே, சமையலறைப் பொதிகளில் உள்ள நாட்டின் பெயர்களைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். அவற்றை உலகப் படத்தில் குறிக்கச் செய்யுங்கள். பின்பு கேளுங்கள்: "இவற்றுக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம்?" தேயிலை, ஆடை, இறப்பர் என்று பிள்ளை தொடங்கட்டும்.