ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றத்தான் வேண்டும்

“ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர் பாக்ஸ் ஆயில் மாத்தவே வேணாம் சார், லைஃப்டைம் ஆயில்.” கள்ளக்குறிச்சியில் கார் வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. துருகம் சாலையில் சொல்கிறார்கள், சின்னசேலத்தில் சொல்கிறார்கள். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு வாரம் தவறாமல் ஏறி இறங்குகிறவர்களும் சொல்கிறார்கள். சமவெளியிலேயே ஓட்டுகிறவர் சொன்னால்கூடப் பொறுக்கலாம். கல்வராயன் மலை ஏறுகிற வண்டிக்காரர் இதை நம்பினால், கியர் பாக்ஸைத் தன் கையாலேயே கெடுக்கிறார் என்று அர்த்தம்.

பெட்டியைச் செய்கிறவர் என்ன சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். உலகின் பெரிய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்று ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம். பி.எம்.டபிள்யூ. கார்களில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் செய்த பெட்டிதான். அதில் ஊற்றியிருப்பது ஆயுள் முழுக்கத் தாங்கும் ஆயில் என்று கார் விற்றவர்கள் சொல்லிவந்தார்கள். ஆனால் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், ஓட்டம் குறைவாக இருந்தாலும் 8 ஆண்டுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது இசட்.எஃப். செய்தவர் பேச்சை விட்டுவிட்டு விற்றவர் பேச்சை நம்புவதில் என்ன நியாயம்? வாரண்டி முடியும்வரை பெட்டி ஓடிவிட்டால் விற்றவர் கவலை தீர்ந்தது. அதற்குப் பிறகும் அந்த வண்டியை ஓட்டப்போவது நீங்கள்தான்.

மலையில் இந்த ஆயில் படும் பாடு வேறு. ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே டார்க் கன்வெர்டருக்குள் சுழலும் இந்த ஆயில்தான். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், ஆயிலுக்கு ஓய்வு கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் தணிந்ததும் அந்தப் பிடி விட்டுவிடும். ஒரு பக்கத்து விசிறி வேகமாகவும் மறுபக்கத்து விசிறி மெதுவாகவும் சுற்ற, நடுவில் அரைபடும் ஆயில் கொதிக்கத் தொடங்கும். வீட்டார் ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு 2,000, 3,000 அடி உயரத்துக்கு ஏறினால் சூடு இன்னும் கூடும். சாதாரண ஓட்டத்தில் 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய ஆயில் இது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சூட்டில் கெட்ட ஆயில் கிளட்ச் பிளேட்டைச் சரியாகப் பிடிக்கவிடாது. பிளேட் வழுக்கித் தேய்ந்த தூள், வால்வு பாடியின் நுண்ணிய துளைகளிலும் சொலினாய்டுகளிலும் போய் அடைக்கும். கியர் விழும்போது வெட்டி இழுப்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் படியுங்கள் என்றால் ஒருவரும் கேட்பதில்லை. பராமரிப்பு அட்டவணை பல புத்தகங்களில் இரண்டாக இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடினமான ஓட்டத்துக்கு. “மாற்றத் தேவையில்லை” என்று முதல் அட்டவணையில் பார்த்தவுடனே புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். மலைச்சாலை, புழுதி, அதிக பாரம், 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான ஓட்டம் என்று இரண்டாவது அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதெல்லாம் நம் ஊர் அல்லவா? அங்கே கி.மீ. கணக்கும் கொடுத்திருப்பார்கள். நம் வண்டிகளுக்கு அதுதான் பொருந்தும்.

“பழைய பெட்டியில் புது ஆயில் ஊற்றினால் பெட்டி போய்விடும்” என்பது அடுத்த வதந்தி. பெட்டி வழுக்கத் தொடங்கிய பிறகு ஆயில் மாற்ற ஓடிவருகிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த பிளேட் நாலு நாளில் கைவிட்டதும் பழி புது ஆயில் மேல் விழுகிறது. அதிகம் ஓடிய பெட்டியில் மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்யாதீர்கள். டிரெய்ன் செய்து ஊற்றினால் போதும். ஒரு தடவையில் பாதி ஆயில்கூட வெளியே வராது, மிச்சம் கன்வெர்டருக்குள் நிற்கும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை மாற்றுங்கள்.

சிவப்பாக இருந்தால் எந்த ஆயிலும் ஒன்றுதான் என்பது சுத்தப் பொய். சிவப்பு வெறும் சாயம். கியர் படிகளே இல்லாத சி.வி.டி. பெட்டிக்கு அதற்கென்று செய்த ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

2014-இல் செலேரியோவோடு பரவிய ஏ.எம்.டி. வண்டிகளும் ஆட்டோமேட்டிக்தானே என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பெட்டி. அதற்கு கம்பெனி சொன்ன கியர் ஆயில்தான், ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஆயில் (ஏ.டி.எஃப்.) கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாற்றிய பழைய ஆயிலை ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் கொட்டுகிறார்கள், வாய்க்காலிலும் ஊற்றுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். கோமுகித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற ஊரில் இதைச் செய்ய எப்படி மனம் வருகிறது? உங்கள் வண்டியில் வடித்த ஆயில் எங்கே போகிறது என்று நின்று கேளுங்கள்.

புத்தகத்தில் கடின ஓட்டத்துக்குக் கணக்கு இருந்தால் அதன்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால், மலை ஏறும் டார்க் கன்வெர்டர் வண்டிக்கு 60,000 கி.மீ., சி.வி.டி.க்கு 40,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலின் பெயரும் ரகமும் ஓடிய கி.மீ.யும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஆயில் மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பெட்டியைப் பிரித்து வேலை பார்த்தால் செலவு லட்சத்தைத் தொடும்.