பெட்டகம் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

"பீரோவுக்குள்ளயே லாக்கர் இருக்குதுங்களே, தனியா ஒரு பெட்டி எதுக்குங்க?" கோவையில் பெட்டகம் வாங்கும் பேச்சு வந்தால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. 1897-ல் பூட்டுத் தயாரிப்பைத் தொடங்கி 1902-ல் பெட்டகத்துக்கு வந்த கோத்ரெஜ் நிறுவனத்தின் பெயர்தான் நம் வீட்டு பீரோவுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அதனால் பெட்டகத்தின் பலம் பீரோவுக்கும் இருக்கும் என்று நம்பிவிட்டோம். பீரோவும் அதன் உள்ளறையும் மெல்லிய தகடு. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க அது போதும். கடப்பாரையோடு வருபவனுக்குச் சில நிமிட வேலை. அவன் முதலில் திறப்பதும் பீரோவைத்தான்.

பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்கக் கடையில் பார்க்க வேண்டியதைவிட வீட்டில் பார்க்க வேண்டியது அதிகம். எந்தச் சுவர், எந்தத் தளம், எத்தனையாவது மாடி, இரவில் வீட்டில் இருப்பது யார் என்ற நான்குக்கும் பதில் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ அடுக்குமாடி வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் போடும் நகை, பாஸ்போர்ட், பத்திரம், கொஞ்சம் ரொக்கம். இவர்களுக்கு அலமாரிக்குள் அடங்கும் எண் பூட்டுப் பெட்டி போதும். ஆனால் பதினைந்து கிலோ பெட்டியைத் தரையோடு பிணைக்காமல் வைப்பது, நகையைப் பொட்டலம் கட்டித் திருடன் கையில் கொடுப்பது போல. வாங்குகிறவர்களில் பலர் கடைசிவரை போல்ட் போடுவதே இல்லை. வாடகை வீடு, டைல்ஸ் கெட்டுவிடும், பிறகு பார்க்கலாம் என்று ஏதாவது ஒரு காரணம். போல்ட் போட முடியாத வீடென்றால் அந்தப் பணத்தைப் பெட்டியில் போடாதீர்கள். வங்கி லாக்கருக்கு வாடகையாகக் கட்டுங்கள்.

2019 அக்டோபரில் திருச்சி லலிதா ஜுவல்லரியில் கொள்ளையர்கள் சுவரைத் துளைத்துத்தான் உள்ளே புகுந்தார்கள். கதவு பலமாக இருந்தால் திருடன் கதவைத் தொடுவதில்லை. பெட்டகத்துக்கும் இதே கணக்குதான். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக ஒலித்தால் ஹாலோ பிளாக். அதில் ஆங்கர் போல்ட் நிற்காது, இரண்டு இழுவையில் கையோடு வந்துவிடும். செங்கல் சுவர் பரவாயில்லை. எல்லாவற்றிலும் நல்லது கான்கிரீட் தளம்.

பெட்டியின் அடியில் போல்ட்டுக்கான துளைகள் இருக்கும். 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர் போல்ட் போடுங்கள். மரையாணி பெட்டிக்கு உள்பக்கம் வர வேண்டும். டைல்ஸ் மேல் எடுத்த எடுப்பில் ஹேமர் டிரில்லை வைத்தால் விரிசல் விழும். டைல்ஸ் பிட் போட்டு மெதுவாகத் துளைத்து, கீழே சிமென்ட் தெரிந்த பிறகுதான் ஹேமரைப் போட வேண்டும். துளையில் தங்கிய தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டை இறக்கினால் அது சரியாக விரிந்து பிடிக்காது. மாடி வீடென்றால் தளத்தின் கனம் ஐந்து அங்குலம் அளவில்தான் இருக்கும், கீழ் வீட்டு விட்டத்துக்கான மின்குழாய்களும் அதற்குள்தான் ஓடும். எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுத் துளையுங்கள்.

பூட்டில் ஒன்றைக் கவனியுங்கள். மலிவான எண் பூட்டுகளில் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது ஒரு சிறு மின்காந்த ஊசி. சில பெட்டிகளின் மேல்பக்கத்தில் குத்துவிட்டபடி கைப்பிடியைத் திருப்பினால் அந்த ஊசி துள்ளிக் கதவு திறந்துவிடும். மோட்டாரில் இயங்கும் பூட்டில் இந்தக் குறை இல்லை. பேட்டரி தீர்ந்தால் திறக்க ஓர் அவசரச் சாவி தருவார்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. பீரோ மேல் வைத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் வேண்டாம். நம்பகமான உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

நெருப்பு தனிக் கதை. தகடு மட்டும் உள்ள பெட்டி தீயில் அடுப்பாகிவிடும். உள்ளே இருக்கும் கிரையப் பத்திரம் கருகிப்போகும். தீத்தாங்கும் பெட்டகத்தின் இரட்டைச் சுவருக்குள் காப்புக் கலவை நிரப்பியிருப்பார்கள். அமெரிக்காவின் யூ.எல். 72 தரத்தில் '350 வகுப்பு, ஒரு மணி நேரம்' என்றிருந்தால், வெளியே தீ எரிந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று பொருள். காகிதம் தப்பும். பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் தப்பாது; அவற்றுக்கு வகுப்பே வேறு. காப்புக் கலவையில் ஈரம் இருக்கும் என்பதால் பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலமும் வையுங்கள். தீத்தாங்கும் பெட்டகம் எல்லாமே திருட்டையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். திருட்டுத் தடுப்புக்கு ஐரோப்பாவின் ஈ.என். 1143-1 போன்ற தனித் தரங்கள் உள்ளன. இரண்டு சான்றையும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் விலைப்பட்டியலை மட்டும் நீட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

செல்வபுரம், ராஜ வீதிப் பக்கம் வீட்டோடு நகைப் பட்டறை வைத்திருப்பவர்களின் தேவை பெரிது. அடுத்தவர் தங்கம் இரவில் வீட்டில் தங்குகிறது. இவர்களுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டகம் வேண்டும். ஆனால் மாடிப்படி குறுகல். ஆறு பேர் லிஃப்ட் தாங்குவது 408 கிலோ, தள்ளுவண்டியும் ஆளும் சேர்ந்தால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். இந்த இடத்துக்கென்று வந்ததுதான் மாடுலர் பெட்டகம். தளம், பக்கங்கள், கூரை, கதவுச் சட்டம் என்று தனித்தனியாக ஏற்றி, வீட்டுக்குள் பூட்டிச் சேர்ப்பது.

ஒரே விலைக்கு ஒரே உடலாக வெல்டு செய்த பெட்டகம் கிடைத்து, அது படியேறவும் முடியுமென்றால் அதையே வாங்குங்கள். மாடுலரில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு பலவீனம். வேறு வழியில்லை என்றால் மட்டும் அது. அப்போதும் இணைப்பு போல்ட்டுகள் எல்லாம் உள்ளிருந்து மட்டுமே கழற்றும்படி இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியே ஒரு தலை தெரிந்தாலும் வேண்டாம்.

பொருத்தும்போது பாதி வேலை ரசமட்டத்தில் இருக்கிறது. தரை ஒரு பக்கம் நூல் அளவு சரிந்தாலும் கனமான கதவு தானாக ஆடும், தாழ்ப்பாள்கள் துளையில் நேராக இறங்காது. அடித்தகட்டை மட்டம் பார்த்துத் தரையோடு பிணைத்துவிட்டு, பின்பக்கம், இரு பக்கங்கள், கூரை என்று போங்கள். போல்ட்டுகளை முதலில் விரலிறுக்கமாக விட்டு, மூலைகள் சேர்ந்த பிறகு எதிரெதிராக முறுக்க வேண்டும். கதவு கடைசி. கதவைத் திறந்து வைத்தபடியே பூட்டைப் பலமுறை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். எடைக்கும் ஒரு கணக்கு உண்டு: வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரத்துக்குத்தான் வடிவமைப்பார்கள். அறை நடுவில் வேண்டாம். உத்தரத்தை ஒட்டிய மூலையில், பொறியாளரைக் கேட்டு வையுங்கள்.

வங்கி லாக்கரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கி பொறுப்பேற்கும். ஆனால் ஆண்டு வாடகையின் நூறு மடங்குதான் உச்சவரம்பு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் ஐந்து பவுன்கூட வராது. வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் இல்லை. நகைக்குத் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை குறையோடும் வங்கிதான் சரி என்று சொல்ல வேண்டிய வீடுகள் நம் பகுதியில் ஏராளம். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகள். பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில், 2025-ல், சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி. அப்படிப்பட்ட வீட்டில் எவ்வளவு பலமான பெட்டகம் இருந்தாலும், அதைத் திறக்கத் தெரிந்தவர் உள்ளேதான் இருக்கிறார். பூட்டு பலமாக இருக்க இருக்க, வந்தவனின் கோபம் அவர் மேல் திரும்பும்.

அங்கே பெட்டகம் வாங்கித் தராதீர்கள். அம்மாவின் கழுத்தில் இருப்பதைத் தவிர மற்ற நகைகளை வங்கிக்கு மாற்றுங்கள், லாக்கருக்கு வாரிசுதாரர் பெயரைப் பதியுங்கள், வீட்டில் நகை இல்லை என்பது பண்ணையத்து ஆட்கள் முதல் ஊர்வரை எல்லோருக்கும் தெரியட்டும். மிச்சமாகும் பணத்தில் வாசலுக்கு விளக்கும், கேமராவும், இரும்புக் கதவும் போடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக இதை முடித்துவிட்டு வாருங்கள்.