எத்திசையிலிருந்து ஒலி?

மறையூரை அடுத்த காட்டோரச் சிற்றூர்களில் இரவில் மூங்கில் முறியும் ஓசை எழுந்தால், யானை எப்பக்கம் நிற்கிறது என்பதைக் காதுகளே முதலில் அறிவிக்கின்றன. வலப்பக்கத்து ஓசை வலக்காதை முதலில் எட்டும். இடக்காதை அடைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே பிந்தும். அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை உணர்கிறது.

கணினி விளையாட்டுக்கான ‘சரவுண்ட்’ ஹெட்செட்டும் இந்நுட்பத்தையே கையாள்கிறது. பெட்டியின்மேல் 7.1 என்று அச்சிட்டிருப்பர். ஏழு ஒலிபெருக்கிகளும் தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே ஒன்றும் என்பது பொருள். ஆயினும் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிகள் உள்ளன. பின்னால் நெருங்கும் காலடி ஓசையை மென்பொருளே தோற்றுவிக்கிறது. அந்த எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்தல் வீண். காதை முழுதும் மூடுகிறதா, தலையை அழுத்தாதிருக்கிறதா என அணிந்து பார்த்து வாங்குதல் நன்று. நன்கு மூடும் கருவி புற இரைச்சலைத் தடுப்பதால் ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை.

சிறுவர்க்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 75 டெசிபெல்லே எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்தது. 3 டெசிபெல் கூடினால் அந்நேரம் பாதியாகும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

வினா: 78 டெசிபெல் அளவில் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் கேட்கலாம்?