கப்பல் கூட்டம் சிதறாம இருக்கணுமா, தம்பி?

பேட்டில்ஃப்ளீட் காத்திக் ஆட உட்காரும்போது முதல்ல உன் ஜாமெட்ரி பாக்ஸைத் திற. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1999-ல வெளியிட்ட இந்த விண்கப்பல் சண்டை ஆட்டத்துல எல்லா அளவும் சென்டிமீட்டர்தான். ஒரே ஸ்குவாட்ரன்ல, அதாவது ஒரே கூட்டத்துல, இருக்கிற கப்பல்கள் நகர்ந்து முடிக்கும்போது 15 செ.மீ.க்குள்ள நிக்கணும். பாக்ஸ்ல இருக்கிற சின்ன ஸ்கேல் அதே நீளம்! க்ரூஸர் ஒரு தடவைக்கு 45 டிகிரிதான் திரும்பும். அதுக்கு மூலைமட்டம் போதும்.

அந்த 15 செ.மீ.யைத் தலைமைக் கப்பல்லேர்ந்து அளக்க வேண்டாம். சங்கிலிக் கண்ணி மாதிரி, ஒவ்வொண்ணும் பக்கத்துக் கப்பலோட தொடர்பு விடாம இருந்தா சரி. புதுசா ஆடுறவங்க பயந்துபோய் எல்லாத்தையும் ஒட்டி வைப்பாங்க. வைக்காதே. அடி விழுந்த இடத்துல வைக்கிற வெடிப்பு மார்க்கர் ஒண்ணு ரெண்டு கப்பலோட அடித்தட்டையும் தொட்டா, ரெண்டுக்கும் ஆளுக்கொரு கேடயம் போச்சு. மார்க்கர் வழியா நகர்ந்தா 5 செ.மீ. வேகமும் குறையும். 10 செ.மீ. இடைவெளிதான் என் கணக்கு.

திரும்புறதுலதான் எல்லாரும் சொதப்புவாங்க. மூணு க்ரூஸர் 10 செ.மீ. இடைவெளியில வரிசையா போகுதுன்னு வை. வேகம் 20 செ.மீ.; அதுல 10 நகர்ந்த பிறகுதான் திரும்பலாம். ‘முதல் கப்பல் திரும்பின இடத்துலயே மத்ததும் திரும்பட்டும்’னு நினைச்சா, ரெண்டாவது அங்க வந்து சேரவே 20-ம் தீர்ந்துடும், நகர்வோட கடைசியில திரும்பிக்கலாம். மூணாவது அடுத்த சுற்றுலதான். கூட்டம் கலையாது, ஆனா பீரங்கிங்க மூணு திசையைப் பார்க்காட்டியும் ரெண்டு திசையைப் பார்க்கும். அதுக்குப் பதிலா மூணும் 10 போய் ஒரே நேரத்துல திரும்பட்டும். இடைவெளி மாறாது, மூணோட பக்கவாட்டு பீரங்கியும் ஒரே பக்கம் பார்க்கும். சண்டை நெருங்கிட்டா நான் இதைத்தான் செய்வேன்.

எம்பரர் மாதிரி பேட்டில்ஷிப் துணைக்கு வந்தா, அதை முதல்ல நகர்த்து. அதோட வேகம் 15, திரும்புறதுக்கு முன்னாடி போக வேண்டியதும் 15. அதாவது நகர்வு முடியற இடத்துலதான் திரும்பும். க்ரூஸரைப் பாதி வேகம் வரைக்கும் குறைச்சுக்கலாம், அதனால விட்டுக்கொடுக்க வேண்டியது க்ரூஸர்தான். முழு வேகத்துல விட்டா சுற்றுக்கு 5 செ.மீ. முந்திப் போயிட்டே இருக்கும், பெரியவர் தனியா மாட்டிப்பார்.

எஸ்கார்ட் கப்பல்ல பெரிசா கவலை இல்ல. நகர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பும், அதுவும் 90 டிகிரி. கோப்ராவையும் (வேகம் 30) ஸ்வோர்டையும் (வேகம் 25) ஒரே ஸ்குவாட்ரன்ல போட்டா மட்டும் 25-க்கே கணக்குப் போடு.

அவசரமா வளைக்கணும்னா, ரெண்டு தடவை திரும்ப விடுற சிறப்பு ஆணை இருக்கு. அதுக்குப் பகடை உருட்டி ஜெயிக்கணும். ஸ்குவாட்ரன் முழுக்க ஒரே உருட்டல்தான், ஆனா சுடும் பலம் பாதியாகும். பகடை தோத்தா அந்தச் சுற்றுல வேற எந்தக் கப்பலுக்கும் சிறப்பு ஆணை கேட்க முடியாது. அதனால எந்த ஸ்குவாட்ரன் திரும்பலேன்னா ஆட்டம் போயிடுமோ, அதுக்கு முதல்ல உருட்டு.