மேடா, பள்ளமா?

சென்ற மாதம் தம்பி, கடையில் மீதிக்காசாகக் கிடைத்த ஐந்து ரூபாய் நாணயமொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். "தாத்தா, இது அச்சுப் பிழையுள்ள காசு. வகுப்பில ஒருத்தன் ஐந்நூறு ரூபாய் தாறேண்டு சொல்றான்" என்றான். பெரிய 5 இலக்கத்தின் மேலே சில எழுத்துகள், கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறிப் பதிந்திருந்தன.

பிழையாக அச்சான நாணயங்களைச் சேகரிப்போர் கூடிய விலை கொடுத்து வாங்குவது உண்மைதான். ஆனால் இந்த அடையாளம் நாணயச்சாலையில் உண்டானதா, பின்னர் யாராவது உண்டாக்கியதா என்று அறியாமல் விற்கலாமா? "முதலில் பார்ப்போம்" என்றேன்.

நாணயம் உருவாகும் விதத்தை அறிந்தால் இதனைக் கண்டுபிடிக்கலாம். உலோகத் தகட்டில் வெட்டியெடுத்த வெறும் வட்டத்தை இரண்டு உருக்கு அச்சுகளுக்கிடையே வைத்துப் பேரழுத்தத்துடன் அடிக்கிறார்கள். நாணயத்தில் மேடாகத் தெரிய வேண்டியது அச்சில் பள்ளமாக, இடம்வலம் மாறி வெட்டப்பட்டிருக்கும். பல்லாயிரம் தடவை அடித்த அச்சு சிலவேளை வெடிக்கும். அடிக்கும்போது உலோகம் அந்த வெடிப்புக்குள்ளும் புகுவதால், நாணயத்தில் அது மேடான கோடாகத் தெரியும். நாணயம் வெளியே வந்த பின் விழும் கீறலோ பள்ளமாக இருக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். களிமண்ணில் ஒரு நாணயத்தை அழுத்தி எடுங்கள். எழுத்துகள் பள்ளமாகவும் இடம்வலம் மாறியும் இருக்கும். அதுதான் அச்சு. அதில் ஊசியால் ஒரு கோடு கீறி, உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவிடுங்கள். மெழுகில் அந்தக் கோடு மேடாக எழுந்திருக்கும்.

ஆயினும் பள்ளமெல்லாம் பிற்காலச் சேதம் என்று முடிவு கட்டக் கூடாது. அச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் தூசோ கம்பித்துண்டோ அகப்பட்டாலும் பள்ளம் விழும். முன்பு அடித்த நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த நாணயத்தின் ஒரு பக்கம் முழுவதும் பள்ளமாக, இடம்வலம் மாறிப் பதியும். ஆனால் அப்போது அந்தப் பக்கத்துக்குரிய உருவம் அங்கே இராது.

கைவில்லையை எடுத்து, மேசைவிளக்கைப் பக்கவாட்டில் வைத்து நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மாறிய எழுத்துகள் பள்ளமாக இருந்தன. அவற்றின் கீழே 5 இலக்கம் நசுங்கிய நிலையில் அப்படியே தெரிந்தது. நேர் பின்னால், மறுபக்கத்து அரச இலச்சினையும் தட்டையாகியிருந்தது. நாணயம் காந்தத்தில் ஒட்டியது. அது பித்தளை முலாம் பூசிய உருக்கு. ஓர் எழுத்தின் ஓரத்தில் முலாம் பிளந்து, உள்ளேயிருந்த உருக்கு துருவேறியிருந்தது. யாரோ இன்னொரு நாணயத்தை இதன் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தோ வைஸில் இறுக்கியோ இருக்கிறார்கள்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் விளிம்பருகே மயிரிழை போன்ற ஒரு கோடு என் கண்ணில் பட்டது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அது மேடாக மின்னியது. விளிம்பிலிருந்து புறப்பட்டு ஓர் எழுத்தினூடாகச் சென்றது. அது அச்சு வெடிப்பு. நாணயச்சாலையில் உண்டான அடையாளம் அதுதான். அதை நாங்கள் இருவரும் அதுவரை கவனிக்கவேயில்லை.

மறுநாள் தம்பி அந்த நண்பனிடம் நாணயத்தைக் கொடுத்து இரண்டு அடையாளங்களையும் காட்டினான். "பெரிசாத் தெரியிறது பிழையில்ல, ஆரோ அடிச்சது. இந்தச் சின்னக் கோடுதான் உண்மை. அதுக்கு ஐந்நூறு ரூபாய் பெறுமதி இல்ல" என்றானாம். நண்பன் வாங்கவில்லை. குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல என்று உம்மா சொல்லித் தந்ததை, தம்பி தன் ஐந்நூறு ரூபாயை இழந்து கற்றுக்கொண்டான். நண்பனுக்கோ அந்த ஐந்நூறு மிஞ்சியது.

தோழியரே, விசித்திரமான நாணயம் கையில் கிடைத்தால் விலையைக் கேட்க முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடையாளம் மேடா, பள்ளமா? அதன் கீழே பழைய உருவம் நசுங்கிக் கிடக்கிறதா? நேர் பின்புறம் எப்படியிருக்கிறது? விடைகள் அந்த நாணயத்திலேயே இருக்கின்றன.