கத்ரீனா ஹரிகேன்: புயல் எச்சரிக்கையை வாசித்தறியும் முறை

வங்காள விரிகுடாவில் எழும் கடும் புயலும், அட்லாண்டிக் சமுத்திரத்தில் எழும் "ஹரிகேன்" என்பதும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை, பெயர்தான் வேறு. ஆகையால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கரையை 2005ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29ஆம் தேதி தாக்கிய கத்ரீனா என்னும் ஹரிகேனையும், அது கரையேறுமுன் விடுக்கப்பட்ட எச்சரிக்கைகளையும் பற்றிக் கரையோர நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் நிதானமாகப் படித்தறிதல் பயனுடையதாகும். எச்சரிக்கை உரிய காலத்தில் கிடைத்தும் நேர்ந்த பேரழிவு அது.

அப்புயல் ஆகஸ்டு 23ஆம் தேதி பஹாமாத் தீவுகளருகே தோன்றி, 25ஆம் தேதி மாலை புளோரிடாவின் தென்கோடியில் கரையேறி, பின்னர் மெக்ஸிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரின்மேல் சென்று வலுப்பெற்றது. 26ஆம் தேதி இரவுக்குள், அது நியூ ஆர்லியன்ஸ் நகரின் பக்கமே வருமென மயாமியிலுள்ள தேசீய ஹரிகேன் நிலையத்தார் கணித்துவிட்டனர். 27ஆம் தேதி காலையில் முன்னறிவிப்பும், இரவு 10 மணிக்கு எச்சரிக்கையும் வெளிவந்தன. அன்றிரவே அந்நிலையத்தின் தலைவர் மாக்ஸ் மேபீல்டு என்பார் லூயிசியானா, மிஸ்ஸிஸிப்பி ராஜ்யங்களின் கவர்னர்களுடனும் நியூ ஆர்லியன்ஸ் மேயருடனும் தாமே டெலிபோனில் பேசினார். மறுநாள் காற்றின் வேகம் மணிக்கு 175 மைலை எட்டியது.

28ஆம் தேதி காலை 10 மணி 11 நிமிஷத்திற்கு, நியூ ஆர்லியன்ஸை அடுத்த ஸ்லைடல் என்னும் ஊரிலுள்ள வானிலை நிலையத்திலிருந்து வெளிவந்த அறிக்கையே இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. வழக்கமாக இத்தகைய அறிக்கைகள் புயல் இருக்கும் இடத்தையும் காற்றின் வேகத்தையும் சொல்லி நிற்கும். இவ்வறிக்கையோ, நேரக்கூடியதைக் குடும்பஸ்தன் அறியும் பாஷையில் கூறிற்று. பிரதேசத்தின் பெரும்பகுதி பல வாரங்கள் குடியிருக்கத் தகுதியற்றதாகும். உறுதியாய்க் கட்டிய வீடுகளிலும் குறைந்தது பாதியேனும் கூரையும் சுவரும் இழக்கும். மின்சாரம் வாரக்கணக்கில் இராது. தண்ணீர்ப் பஞ்சம் உண்டாகும். மரங்களில் பெரும்பாலானவை ஒடியும் அல்லது வேரோடு சாயும். பயிர் சொற்பமே மிஞ்சும். வெளியில் விடப்பட்ட கால்நடைகள் மடியும் என்பது அதன் சாரம்.

இவ்வாசகங்கள் அன்று காலை அவசரத்தில் எழுதப்பட்டவையல்ல. புயலில்லாத நாட்களில், எவ்வளவு காற்றுக்கு என்ன சேதம் என்று ஆராய்ந்து முன்னரே தயாரித்து வைக்கப்பட்டிருந்தவை. அன்று பணியிலிருந்த ராபர்ட் ரிக்ஸ் என்னும் அதிகாரி, மிகையாயுள்ள வரியை நீக்கலாமென்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, நீக்கத்தக்கது ஒன்றுமில்லையெனக் கண்டு முழுவதையும் வெளியிட்டார். இந்த முன்னேற்பாடே பாராட்டத்தக்கது. காற்று வீசத் தொடங்கிய பின் எவருக்கும் நல்ல வாசகம் எழுத வராது.

ஆயினும் அவ்வறிக்கையில் ஒரு குறையும் இருந்தது. அது காற்றைப்பற்றிய அறிக்கை. கத்ரீனாவில் ஜனங்களைக் கொன்றது பெரும்பாலும் நீர். 29ஆம் தேதி காலை 6 மணி 10 நிமிஷத்திற்கு பியூராஸ் என்னும் ஊரருகே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 125 மைலாகக் குறைந்து, புயல் ஐந்தாம் தரத்திலிருந்து மூன்றாம் தரத்திற்கு இறங்கியிருந்தது. ஆனால் அதன் விஸ்தீரணம் பெரிது; அக்கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பரந்த புயல் பல மணி நேரம் தள்ளிவந்த நீர், காற்று சற்றுத் தணிந்ததும் திரும்பிவிடுவதில்லை. மிஸ்ஸிஸிப்பிக் கரையிலுள்ள பாஸ் கிறிஸ்டியன் என்னுமிடத்தில் கடல் 27.8 அடி ஏறிற்று. சில இடங்களில் 28 அடி வரை ஏறக்கூடுமென்று தேசீய நிலையத்தார் முந்திய நாளே அறிவித்திருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. நியூ ஆர்லியன்ஸில் கால்வாய்க் கரைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. இதன் பின்னர், 2010இல், புயலின் தர அட்டவணையிலிருந்து கடலேற்ற அளவு நீக்கப்பட்டது. 2017 முதல் கடலேற்றத்திற்கென்றே அங்கே தனி எச்சரிக்கை விடப்படுகிறது. இந்திய வானிலைத் துறையின் புயல் அறிக்கைகளிலும், வழக்கமான ஓதத்திற்கு மேல் கடல் எவ்வளவு உயரும் என்ற வரி உண்டு. கிராம அதிகாரி காற்றின் வேகத்தைப் படிக்குமுன் அவ்வரியைப் படித்து, தம் கிராமத்து நிலமட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய அனுபவமும் சிலரைக் கெடுத்தது. 1969இல் அதே மிஸ்ஸிஸிப்பிக் கரையைக் காமில் என்னும் ஐந்தாம் தரப் புயல் தாக்கிற்று. அப்பொழுது நீர் ஏறாத வீட்டில் இனி எப்பொழுதும் ஏறாது என்று எண்ணித் தங்கியவர்கள் பலர். காமில் கடுமையானதேயாயினும் சிறிய சுற்றளவுடையது. கத்ரீனாவின் நீர் அதன் நீர்மட்டத்தை மீறிற்று. பெரியவர்கள் சுவரில் காட்டும் பழைய வெள்ளக்கோடு, வெள்ளம் அதற்குமேல் ஏறாது என்பதற்குச் சாட்சியாகாது.

இனி, கட்டளையும் வசதியும். பியூராஸ் அடங்கிய பிளாக்கமின்ஸ் ஜில்லாவில் 27ஆம் தேதியே வெளியேறும்படி உத்தரவாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கட்டாய உத்தரவு 28ஆம் தேதி முற்பகலில்தான் பிறந்தது. புயலுக்கு ஒரு நாள்கூட மீதியில்லை. பெருஞ்சாலைகளின் இருபக்கமும் வெளிச்செல்வோருக்கே விடப்பட்டதால் பத்து லட்சம் பேரளவில் அப்பிரதேசத்தினின்று தப்பினர். மோட்டார் வண்டியில்லாதவர்களும், நோயாளிகளும், முதியோரும் நின்றுவிட்டனர். மாதக் கடைசியாதலால் ஏழைகள் பலர் கையில் பணமுமில்லை. லூயிசியானாவில் இறந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். ஒரு கிராமத்தில் யார் யாருக்கு வண்டியில்லை, யார் படுக்கையிலிருக்கிறார் என்னும் ஜாபிதா புயல் மாதத்துக்கு முன்பே கணக்கில் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

விவசாயிகள் அடைந்த நஷ்டமும் ஒரே விதமானதன்று. தென் மிஸ்ஸிஸிப்பியில் பைன் மரக்காடுகள் முறிந்தன. கோழிக் கொட்டகைகள் சரிந்தன. பிளாக்கமின்ஸ் ஜில்லாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில், அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு மாதமிருக்கையில், காய்களோடு மரங்கள் உப்புநீரில் நின்றன. தாழ்ந்த மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் மூழ்கின. கரைமேல் ஏறித் தப்பியவற்றிற்குச் சுற்றிலும் உப்புநீரேயன்றிக் குடிநீரில்லை. கடலிலிருந்து தூரத்தே, பாண்ட்சர்ட்ரெயின் ஏரிக்கு வடக்கே பால் மாடு வளர்ப்போருக்கு வெள்ளம் வரவில்லை, மின்சாரம்தான் நின்றது. கறவை யந்திரமும் குளிர்விக்கும் தொட்டியும் ஓடவில்லை. சொந்தமாக மின்சார யந்திரம் வைத்திருந்தவர்கள் கறந்தனர்; ஆனால் பாலை வாங்கும் ஆலைகள் மூடிக்கிடந்தபடியால், கறந்த பாலையும் தரையில் கொட்ட நேர்ந்தது.